பன்னிரண்டு பெட்டிகளின் கூச்சல்

அந்தக் கல்லூரியில் சிக்னல் அக்கா என்றால்தான் தெரியும். சம்பளப் பட்டியலில் உள்ள பெயர் யாருக்கும் நினைவில்லை. கூரையில் தொங்கும் வைஃபை பெட்டிகள் அத்தனையையும் தன் அறையிலிருந்து ஒரே திரையில் ஆட்டிவைப்பவள் அவள். எந்தப் பெட்டி எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்பதுகூட அவள் சொல்படிதான்.

நேற்று முதல்வரின் நச்சரிப்பு தாங்காமல், தேர்வுக் கூடத்தின் பன்னிரண்டு பெட்டிகளுக்கும் முழு பவர் கொடுத்துத் தொலைத்திருந்தாள். இன்று பத்து மணிக்கு இருநூறு பேருக்கு ஆன்லைன் தேர்வு. ஒன்பதரைக்கே லேப்டாப்கள் திணற ஆரம்பித்தன. முதல்வர் அவள் அறைக்கே ஓடி வந்துவிட்டார்.

“இன்னும் கொஞ்சம் ஏத்தும்மா!”

“ஏத்தினதுதான் சார் வினை. பன்னெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தினா யாருக்கு என்ன கேக்கும்? குறைக்கப் போறேன்.”

“குறைச்சா எப்படிம்மா கூடும்? பரீட்சை நின்னுச்சுன்னா என் தலை உருளும்!”

“முதல்ல என் தலை சார். உங்களுது அப்புறம்தான்.”

பவரைப் பாதிக்கும் கீழே இறக்கி, பட்டனைத் தட்டினாள். கூடம் முழுக்க வைஃபை ஒரு நிமிடம் செத்தே போயிற்று. முதல்வர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பெட்டிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. பத்து மணிக்கு இருநூறு திரைகளிலும் வினாத்தாள் விரிந்தது.

ஆனாலும் மனசு கேட்காமல், அவள் கூடத்தின் கதவோரமே போய் நின்றுகொண்டாள். கால் மணி கழித்துப் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மறுபடி வைஃபைதானோ என்று ஓடினாள்.

“அக்கா, மூணாவது கேள்வி சிலபஸ்லயே இல்ல!”

“அப்பாடா!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் அக்கா.