ராகு காலத்தில் திறந்த வானம்

புலம்பெயர்ந்து வந்து ஸ்பிரிங்வேல் பக்கம் பஸ் ஓட்டும் தேவனுக்கு விமானமும் ஓட்டத் தெரியும் என்றால் முதலில் ஒருவரும் நம்புவதில்லை. "சும்மா பகிடி விடாதேங்கோ" என்பார்கள். மனுசன் உடனே சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து மேசையில் வைப்பார். பொலிஸ் விசாரணை எல்லாம் முடிந்து கிடைத்த பாதுகாப்பு அட்டை அது. அதைக் கழுத்தில் போட்டால் சின்ன விமான நிலையத்தின் வேலிக்கு உள்ளே தனியாக நடக்கலாம். யாழ்ப்பாணத்தில் சந்திக்குச் சந்தி அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற ஆள் இவர். அங்கே அட்டையைக் காட்டினால்தான் வீட்டுக்குப் போகலாம். இங்கே காட்டினால் வானத்துக்கே போகலாம். பெருமை வராமல் என்ன செய்யும், சொல்லுங்கள்!

ஆனால் அந்தப் பெருமையை வீட்டில் அளக்க முடியவில்லை. மனைவி விமலா அவருடைய விமானத்தில் ஒரு தடவைகூட ஏறவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் விமானச் சத்தம் கேட்டால் குண்டுக்குப் பயந்து புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தவள் அவள். இன்றைக்கும் ஒரு சின்ன விமானம் கூரைக்கு மேலால் போனால் போதும், குசினியில் அடுப்பை நிறுத்திவிட்டுச் சத்தம் அடங்கும்வரை அசையாமல் நிற்பாள். தேவன் கேட்கும்போதெல்லாம் "நான் நிலத்தில நிண்டு பாக்கிறன், காணும்" என்பதுதான் பதில்.

இந்த வருடம் என்ன நினைத்தாளோ, அவளே வாயைத் திறந்தாள்.

"சரி, ஒருக்கா வாறன். ஆனா நல்ல நேரம் பாத்துத்தான் ஏறுவன். அண்டைக்குத் தவறினா பிறகு என்னைக் கேக்கப்படாது."

தேவனுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் ஐயரைக் கூப்பிட்டுப் புதன்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை என்று நேரம் எடுத்தார். அதே கையோடு பறப்புக் கழகத்து விமானத்தையும் பதிவு செய்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் விமானிகளுக்கான வான அறிவித்தல்களை முதலில் பார்க்கிற ஆள், அன்றைக்குப் பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் படுத்துவிட்டார்.

புதன் காலையில் அறிவித்தலைத் திறந்தவருக்கு முகம் கறுத்துவிட்டது. வெளிநாட்டுத் தலைவர்கள் நகரத்தில் கூடுகிறார்களாம். பாதுகாப்புக்காக மத்தியானம் பன்னிரண்டு வரை அந்தப் பக்கத்து வானம் முழுக்கப் பூட்டு. பன்னிரண்டுக்குப் பிறகு விமானம் சும்மாதான் நிற்கும், ஆனால் ராகு காலம். அது முடிகிற ஒன்றரைக்கு விமானத்தை வேறு ஒருவர் பதிவு செய்திருந்தார்.

இருந்தும், பூட்டு முன்னதாகவே நீங்கினாலும் நீங்கும் என்று விமலாவைக் கூட்டிக்கொண்டு போனார். விமான நிலையத்தில் ஒன்றும் பறக்கவில்லை. விமானங்கள் எல்லாம் கயிற்றில் கட்டிக் கிடந்தன. கழகத்துக் கொட்டகையில் விமானிகள் தேநீரும் புறுபுறுப்புமாக இருந்தார்கள். கிளேட்டனில் வேலை பார்க்கும் பிரசன்னா, கோயம்புத்தூர்க்காரன், அவனும் விமானிதான், தேவனின் காதோடு சொன்னான்.

"அண்ணா, அக்கா மனசு மாறுறதுக்குள்ள கெளம்பிடுங்க. தாழ்வா, கடலோரமா ஒரு ரவுண்டு. யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பன்," என்றார் தேவன். "உந்த விளையாட்டு என்னட்டை வேண்டாம் தம்பி. கேட்டுத்தான் ஏறுவன். இல்லையெண்டால் ஏறவேமாட்டன்."

சொல்லிவிட்டார், சரி. ஆனால் இத்தனை வருடம் காத்திருந்தது இதற்குத்தானா? விமலா பக்கத்துக் கதிரையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தத் தலைவர்மார் வந்தா வானத்தை ஏன் பூட்டுறாங்கள்?"

"அவையின்ர தலைக்கு மேல ஒருத்தரும் குண்டோட வரப்படாது எண்டுதான்."

விமலா வெறும் வானத்தைப் பார்த்தாள்.

"எங்கட தலைக்கு மேல ஒருத்தரும் பூட்டேல்லையே," என்றாள்.

தேவன் அவளருகே உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிரசன்னா மெதுவாக எழுந்து வெளியே போனான்.

பன்னிரண்டு அடித்தது. தேவன் தொலைபேசியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கேட்டார். பூட்டு நீங்கியது என்றார்கள். உறுதிதானா என்று இன்னொரு தடவையும் கேட்டார். பிறகு நல்ல நேரம் போய்விட்டது என்று நினைத்து, சட்டைப்பையில் கார்த் திறப்பைத் தேடினார்.

"எங்க போறியள்?"

"வீட்டைத்தான். ராகு காலம் துவங்கிட்டுது. நீர்தானே சொன்னனீர்."

விமலா எழும்பிச் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

"என்ர காலத்தில குண்டோட வந்தவங்கள் ஆரையும் கேட்டு வரேல்லை. நீங்கள் காலமையில இருந்து எத்தினை பேரிட்டை எத்தினை தரம் கேக்கிறியள்! இப்பிடிக் கேட்டுக் கேட்டு ஏறுற மனுசனை ராகு என்ன செய்யிறது? நடவுங்கோ."

தேவன் அட்டையைக் கழுத்தில் மாட்டினார். அட்டை இல்லாதவர்கள் அட்டைக்காரரோடு மட்டுமே வேலிக்குள் போகலாம். படலையைத் திறந்து அவளை முன்னால் விட்டபோது, தன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய பயணியை ஏற்றப்போவதில்லை என்று அவருக்குப் பட்டது.

சக்கரம் நிலத்தை விட்டபோது விமலா கண்ணை இறுக்கி மூடினாள். பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும். கீழே ஸ்பிரிங்வேல் கூரைகள் வெயிலில் கிடந்தன. சந்தையைக் கண்டுபிடித்தாள். ரயில் பாதையைக் கண்டுபிடித்தாள். எங்கட வீடு எது என்று கேட்டுச் சிரித்தாள். தேவன் அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, ஒரு காதில் கோபுரத்தின் குரலையும் கவனித்தார்.

திடீரென்று சிரிப்பு நின்றது. அவர் பயந்துபோனார்.

"என்ன, தலை சுத்துதோ?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் மேல போக ஏலுமோ? கீழ குசினிக்குள்ள என்னைப்போல ஒருத்தி நிப்பாள். இந்தச் சத்தம் அவளுக்குக் கேக்கப்படாது."

தேவன் கோபுரத்திடம் அனுமதி கேட்டார். கிடைத்தது. விமானத்தை இன்னும் உயரத்துக்கு ஏற்றினார்.