அருமனை தாண்டி ஒரு நானூற்றுத் தொண்ணூறு

காலை 5.50. நாகர்கோவில் சந்திப்பில் இறங்கியபோது மழை பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டர், ஒரு பொட்டுத் தூக்கமில்லை. குற்றம் ரயிலுடையதல்ல. நான் பார்க்கப் போகும் வண்டி அப்படிப்பட்டது. எண்பதுகளில் ஐரோப்பாவில் காடுமேடுகளில் ஓட்டுவதற்கென்றே செய்த டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள், 490 சிசி. விளக்கு கிடையாது, ஹாரன் கிடையாது, நம்பர் பலகை மாட்ட இடம்கூடக் கிடையாது. இதற்காகவா ஒருவன் இவ்வளவு தூரம் போவான் என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் கேட்டாள்.

நான் அச்சகம் வைத்திருப்பவன். வாரம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காய்ந்த கண்மாய்க்குள் பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்றை ஓட்டுவேன். அது 250 சிசி. பெரிய என்ஜினைக் கனவில்தான் ஓட்டியிருக்கிறேன். முறுக்கியதும் ஒரு கணம் ஒன்றுமே நடக்காது. அடுத்த கணம் எல்லாம் ஒரேயடியாக நடக்கும். அந்த இடைப்பட்ட கணத்துக்கு அடிமையானவர்கள் நாங்கள். பெட்ரோலோடு கலந்த எண்ணெய் எரியும் இனிப்பு வாசனை வந்தால், சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்க்கிற கூட்டம்.

7.20. வடசேரி பேருந்து நிலையத்தில் ஒரு சாயாவும் ரசவடையும். மார்த்தாண்டத்துக்குச் சுமார் முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். வயல்கள் முடிந்து தென்னை வந்தது, தென்னை முடிந்து ரப்பர் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் பேசிய தமிழ் பாட்டுப் போல ஏறி இறங்கியது.

8.50. மார்த்தாண்டத்தில் ஆட்டோ பிடித்தேன். அருமனை தாண்டி மூன்று கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும், நானூறு ரூபாய். செல்வின் என்பவர் வீடு என்றதும் ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அவருக்க வண்டிய வாங்க வந்தியளா?"

"பார்க்க வந்தேன்."

"வீட்டு முன்னால எறக்கி விடுதேன். குவாரிப் பக்கம் மட்டும் வரமாட்டேன், கேட்டியளா?"

நான் குவாரியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை.

9.40. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த ஓட்டு வீடு. செல்வினின் மனைவி ரோஸ்லின் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், எனக்காக விடுப்பு எடுத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்துச் சாப்பிடச் சொன்னார். நான் வேகவேகமாகச் சாப்பிட்டேன், கண் முழுக்க முற்றத்து ஷெட்டின் மேலேயே இருந்தது.

"மொதல்ல பாருங்க. சாப்பாடு எங்கயும் போவாது" என்று சிரித்தார்.

ஷெட்டில் தார்ப்பாயை விலக்கினேன். சிவப்பு டேங்க், உயர்ந்த பின்பக்கம், கர்ப்பிணி வயிறு போல உப்பிய புகைக்குழாய். செல்வின் வளைகுடாவில் மெக்கானிக்காக இருந்தவர். ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து, நான்கு வருடம் சாமான் பெட்டிகளில் கொண்டுவந்து இங்கே கோர்த்திருக்கிறார். ஒவ்வொரு நட்டிலும் அவருடைய கவனம் தெரிந்தது. டேங்கை முகர்ந்தேன். ரோஸ்லின் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு, நான் கேட்காமலே சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை பகலில், செல்வின் இந்த வண்டியோடு பின்பக்கத்துக் குவாரித் தண்ணீரில் விழுந்து இறந்தார். வண்டியைக் கயிறு கட்டி இழுத்தபோது அதன் முகம் கரையைப் பார்த்திருந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற தங்கப்பன் மரங்களுக்கு இடையிலிருந்து பார்த்திருக்கிறார். வண்டி அலறிக்கொண்டே பின்னோக்கிப் போனது, தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ ஒன்று பிடித்து இழுத்தது என்பது அவர் சாட்சி. ஊர் அதை நம்பியது. செல்வினின் அண்ணன்மார் நம்பவில்லை. வேலை போய் ஊர் திரும்பியவன், மனம் உடைந்து, வண்டியைத் தானே உருட்டிவிட்டு அதோடு போய்விட்டான் என்றார்கள்.

"ஜெபத்துக்கு வாறவங்க எல்லாரும் எனக்க மொகத்தத்தான் பாக்காவ. வீட்டுல என்ன சண்டைன்னு" என்றார் ரோஸ்லின். "நான் பேய நம்பமாட்டேன் சார். ஆனா அவரு என்னெ விட்டுட்டுப் போவணும்னே போனாருன்னும் நம்ப முடியல்ல. நாலு பேரு வண்டி பாக்க வந்தாவ, ஒருத்தருக்கும் இதப் பத்தி ஒண்ணும் தெரியல்ல. உங்களுக்குத் தெரியும்லா? சொல்லுங்க. இந்த வண்டி தன்னால பின்னால போவுமா?"

"ரிவர்ஸ் கியரே கிடையாதும்மா. போக வழியில்லை" என்றேன்.

முப்பது வருட அனுபவம் பேசியது. அவர் முகம் அப்படியே அணைந்துபோனது. நான் என்ன சொன்னேன் என்பது அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. வண்டி தன்னால் போகாது என்றால், அண்ணன்மார் சொன்னதுதான் மிச்சம்.

11.15. என்ஜினைக் கேட்காமல் வாங்க முடியாது. வீட்டு வாசலில் அந்தச் சத்தம் வேண்டாம் என்றார் ரோஸ்லின். செல்வின் ஓட்டிய இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள் என்று கூடவே வந்தார். ரப்பர் தோட்டத்துக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். நல்ல பகல், ஆனால் உள்ளே சாயங்காலம் போல இருந்தது. ஒவ்வொரு மரத்திலும் பால் பிடிக்கக் கட்டியிருந்த சிரட்டையில் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. ஒரு காக்கைகூட இல்லை.

தோட்டம் முடியும் இடத்தில் தங்கப்பன் நின்றிருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், கையில் பால் வெட்டும் கத்தி. கடைசி மரத்தைத் தாண்டி அவர் ஓர் அடி வைக்கவில்லை.

"அவருக்க மொகம் இங்கோட்டு இருந்துது சார்" என்றார். "என்னெயே பாத்துக்கிட்டுப் போனாரு. வண்டிக்குப் பொறத்த யாருமே இல்ல."

பேய் பிசாசு என்றால் கிண்டல் அடிக்கிற ஆள் நான். அன்றைக்குக் கிண்டல் வாயில் வரவில்லை.

குவாரியின் மூன்று பக்கமும் வெட்டிய பாறைச் சுவர். நடுவில் கரும்பச்சைத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் தட்டையான பாறை, அதிலிருந்து மேலேறும் ஒரு சரிவு. செல்வின் ஏறிப் பழகியது அதில்தான். ஏற ஓட்டம் வேண்டும் என்பதால் தண்ணீர் ஓரத்திலிருந்து கிளம்பவேண்டும். வண்டியைச் சரிவைப் பார்த்து நிறுத்தினேன். பின்சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் பன்னிரண்டு அடி இருக்கும்.

தண்ணீரிலிருந்து எடுத்த என்ஜினை மெக்கானிக் ஒருவர் பிரித்துச் சுத்தம் செய்து பூட்டியிருந்தார். எண்ணெய் கலந்து வைத்திருந்த பெட்ரோலை ஊற்றி உதைத்தேன். ஒன்றும் இல்லை. அந்த உதையின் சத்தம் எதிர்ச் சுவரில் பட்டுத் தாமதமாகத் திரும்பியது, அங்கேயும் ஒருவன் வண்டியை உதைத்துக்கொண்டிருப்பது போல. இரண்டாவது உதைக்கும் அவன் பதில் சொன்னான். மூன்றாவதில் ஈர ஷூ பாதியில் வழுக்கியது. உதைகோல் என் காலைத் திருப்பி அடித்தது. ஆனால் என்ஜின் பிடித்துக்கொண்டது.

அந்த வாசனை வந்தது. குவாரி முழுக்க நீலப் புகை. சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது. சூடாகவில்லை என்று நினைத்தேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். முதல் கியர் போட்டு, முறுக்கி, கிளட்சை விட்டேன்.

என்னை யாரோ பின்னாலிருந்து இழுத்தார்கள். வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை. சரிவு என்னை விட்டு விலகிப் போனது. ரோஸ்லின் சிறிதாகிக்கொண்டே போனார். மரங்களுக்கு நடுவில் தங்கப்பனின் திறந்த வாயைப் பார்த்தேன், அன்று செல்வினிடம் அவர் பார்த்த அதே முகம் இப்போது என் முகம் என்று புரிந்தது. பயத்தில் கை இறுகியது, இறுகிய கை இன்னும் முறுக்கியது. பிரேக்கை மிதித்தேன். பழைய டிரம் பிரேக், பின்னால் போகும்போது சரியாகப் பிடிக்காது. முழு உடம்பையும் அதன் மேல் ஏற்றினேன். என்ஜின் திக்கி நின்றது. பின்சக்கரத்துக்குக் கீழே ஒரு கல் பெயர்ந்து தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. எதிர்ச் சுவரில் மட்டும் என்ஜின் இன்னும் ஒரு கணம் ஓடிக்கொண்டிருந்தது.

12.30. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாலில்லாத கட்டன் சாயா இரண்டு குடித்தபிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. பழைய ஓட்டிகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், கதை விடுகிறார்கள் என்று சிரித்திருக்கிறேன். இவ்வளவு பெரிய பிஸ்டனைத் தளர்வாக உதைத்தால் அது உச்சியைத் தாண்டாமல் திரும்பும். அந்த நேரம் பார்த்துப் பொறி விழுந்தால் என்ஜின் எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பிக்கும், சுற்றிக்கொண்டே இருக்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான். கியர் போட்டால் வண்டி பின்னால் போகும். தங்கப்பன் பார்த்தது அத்தனையும் நிஜம். ஆனால் இழுத்தது தண்ணீர் அல்ல, என்ஜின்.

"நான் காலையில் சொன்னது தப்பும்மா. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

ரோஸ்லின் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க ஏன் சார் வண்டிய விட்டுட்டுக் குதிக்கல்ல? ரெண்டு காலும் தரையில எட்டும்லா. கைய விட்டா போதுமே."

நான் என் கைகளைப் பார்த்தேன். பொய் சொல்லியிருக்கலாம்.

"வண்டி தண்ணிக்குள்ள போயிடுமேன்னு நினைச்சேன்."

அவர் முற்றத்து ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ அவரு சாவப் போவல்ல" என்றார். "என்னெ விட்டுட்டுப் போவணும்னும் நெனைக்கல்ல. அந்த நேரத்துல எனக்க நெனப்பே வரல்ல. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு அழுதார். முகம் கழுவி வந்ததும், அண்ணன்மாரையும் தங்கப்பனையும் சாயங்காலம் கூப்பிட்டுப் பேசப் போவதாகச் சொன்னார். நான் சொன்னதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரக் கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வெட்கத்தை விட்டு, வண்டி என்ன விலை என்றும் கேட்டேன்.

"உங்களுக்குத் தரமாட்டேன் சார். வீட்டுக்குப் போங்க" என்றார். குரலில் கோபமே இல்லை.

மாலை 4.35. குழித்துறை ரயில் நிலையம். வெயில் வந்திருந்தது. இந்த மாவட்டத்தைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஆறு, தென்னை, மீன்கறி என்று நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. நான் பார்த்ததென்னவோ ஒரு ஷெட், ஒரு குவாரி. ரோஸ்லின் நாளைக்கே கூப்பிட்டு மனம் மாறிவிட்டது என்றால் அடுத்த ரயிலில் கிளம்பிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பயங்கரமானது இதுதான்.

ரயில் வரும்போது மனைவி அழைத்தாள்.

"வாங்கியாச்சா?"

"இல்லை. அந்தம்மா தரலை."

"நல்லவங்க" என்று சிரித்தாள். "பாத்து வாங்க. ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?"

தோசை போதும் என்றேன். அந்தப் பன்னிரண்டு அடியில் இவள் நினைப்பு எனக்கும் வரவில்லை. அதை எப்படிச் சொல்வது என்று மதுரை வரும்வரை யோசித்தேன், இன்னும் சொல்லவில்லை.