‘டிட்’ சேர்த்துக் கேட்ட கேள்வி

போன வருடம், ஒரு திங்கட்கிழமை காலை. கலஹாவிலிருந்து பேராதனை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் விற்பனையாளனாக இருக்கிறேன். கடைக்கு வெளிநாட்டுக்காரர்கள் நிறைய வருவதால், நாற்பது வயதுக்கு மேல் ஆங்கிலம் பேசப் பழகலாம் என்று ஞாயிறு வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன்.

முந்தின நாள்தான் வகுப்பில் இறந்தகாலம் நடந்தது. ‘ஈட்’ என்பது ‘ஏட்’ ஆகும், ‘டேக்’ என்பது ‘டுக்’ ஆகும். ஆனால் கேள்வி கேட்கும்போது முன்னால் ‘டிட்’ வந்துவிட்டால் மறுபடியும் ‘ஈட்’, ‘டேக்’ என்றே சொல்ல வேண்டும். தமிழில் ‘சாப்பிடுவீங்களா’, ‘சாப்பிட்டீங்களா’ என்று வினைச்சொல்லே மாறிவிடுகிறது. இங்கே ஒரு குட்டிச் சொல் முன்னால் நின்று அந்த வேலையைச் செய்கிறது. எனக்கு அது வாயில் வரவேயில்லை. கடையில் ‘யூ வான்ட்?’, ‘யூ லைக்?’ என்றே காலத்தை ஓட்டியவன் நான்.

எனக்கு முன் சீட்டில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தேயிலைத் தோட்டம் பார்க்க வந்து, கலஹாவில் தங்கியவராம். வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அவருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தது.

வாந்தி எடுக்க வசதியாகக் கண்டக்டர் ஒரு சொப்பிங் பையை நீட்டினார். “வளைவு ஒத்துக்கல போல. வெள்ளக்கார நோனாவ இங்கனயே எறக்கி விடுவோம், கொஞ்சம் காத்து வாங்கட்டும். அடுத்த பஸ்ல வரலாம்” என்றார். வெளியே பார்த்தேன். தேயிலை மட்டும்தான், ஒரு வீடுகூட இல்லை.

என் மனைவிக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி இறங்கி அவளுக்கும் இதே வியர்வை, இதே நடுக்கம் வரும். அதனால் எழுந்து போய், “யூ ஈட்?” என்று கேட்டேன்.

“யெஸ், ஐ ஈட் எவ்ரிதிங்” என்றார்.

நிம்மதியாகத் திரும்பி உட்காரப் போனேன். அப்போதுதான் உறைத்தது. எல்லாம் சாப்பிடுவேன் என்கிறார். நான் கேட்டது அவருடைய சாப்பாட்டுப் பழக்கம். காலையில் சாப்பிட்டாரா என்பதை நான் கேட்கவேயில்லை.

ஒவ்வொரு சொல்லாகக் கூட்டி, “டிட் யூ ஈட் டுடே?” என்றேன்.

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். “நோ. ஐ டிடன்ட்.”

“டிட் யூ டேக் இன்சுலின்?”

“யெஸ். ஐ டுக் இட்.”

“ஐயோ, ஊசி போட்டிருக்காங்க, சாப்பிடல. எறக்கிடாதீங்க! யாருகிட்டயாச்சும் இனிப்பா எதாவது இருக்கா?” என்று சத்தம் போட்டேன்.

பின் சீட்டிலிருந்து ஓர் அம்மா கையில் ஃபிளாஸ்கோடு தள்ளாடி வந்தார். ஆஸ்பத்திரியில் இருக்கும் மகளுக்குக் கொண்டு போகிற பிளேன்டீ.

“சீனி போட்டிருக்கா?” என்றேன்.

“அள்ளிப் போட்டிருக்கேன். குடுங்க, அவங்க குடிக்கட்டும். மகளுக்கு அங்கன வாங்கிக்கிறேன்.”

அந்தப் பெண்ணுக்குக் கப்பைப் பிடிக்க முடியவில்லை. அந்த அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து, ஊதி ஊதி, சிறிது சிறிதாகக் குடிக்க வைத்தார். யாரோ இரண்டு டொபி கொடுத்தார்கள். கண்டக்டர் டிரைவரிடம் போய் என்னவோ சொல்ல, பஸ் அதன் பிறகு எங்கும் நிற்கவில்லை. பேராதனை வருவதற்குள் நடுக்கம் அடங்கி, அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஃபிளாஸ்க் அம்மாவும் அவரும் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டு ஏதோ சொன்னார். அந்த அம்மா, “இருக்கட்டும், இருக்கட்டும், வாங்க டாக்டர்ட்ட காட்டுவோம்” என்றார். ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரிந்திருக்காது. எனக்குக் கை காட்டக்கூட இருவருக்கும் நேரமில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அந்தப் பெண் யார், எந்த நாடு என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த முதல் ‘யெஸ்’ஸை நம்பி நான் உட்காரப் போன நொடி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. யாராவது ஆமாம் என்று சொன்னால், நான் கேட்க நினைத்ததற்குத்தான் அந்த ஆமாமா என்று இன்றைக்கும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்கிறேன்.