ஆஃப் ஆகாத அலாரம்

கார்மேகம் சொன்ன பதிலில் பொய் எதுவும் இல்லை. அந்தப் பதிலை வைத்தே அவரைக் குற்றவாளி ஆக்கினார்கள்.

கமுதிக்காரர். வயது நாற்பத்தொன்று. ஓமானில் சோஹார் தொழிற்பேட்டைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடம் சாரம் கட்டினார். பிறகு இந்த ஆறு வருடமாக எண்ணெய்த் தொட்டிகளின் வாசலில் நிற்கிறார். தொட்டிக்குள் இறங்கிக் கழிவை வழிக்கிறவர்களுக்கு வெளியே ஒருவர் காவல் இருக்க வேண்டும் என்பது விதி. கையில் மஞ்சள் நிற கேஸ் மீட்டர், கழுத்தில் விசில், உள்ளே போனவர்களின் பெயர்ப் பட்டியல். மீட்டரின் குழாய் தொட்டிக்குள் தொங்கும். உள்ளே காற்று கெட்டால் வெளியே மீட்டர் அலறும். உடனே விசில் ஊதி ஆட்களை மேலே வரவழைக்க வேண்டும். தன் வாசலில் ஒருவர்கூட மயங்கி விழுந்ததில்லை என்று, கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அவருடைய இங்கிலீஷ் அறிவிப்புப் பலகைகளில் கற்றது. டேர்ன் ஆஃப் என்றால் நிறுத்து. டேக் ஆஃப் என்றால் கழற்று. கீப் ஆஃப் என்றால் கிட்டே வராதே. முன்னால் எந்தச் சொல் வந்தாலும், பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது என்று அவராகக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு வால் என்று பெயரும் வைத்திருந்தார். சைட்டுக்குப் புதிதாக வருகிறவர்களிடம், மற்றதை விடு, வாலைப் பிடித்துக்கொள் என்பார். அந்தப் பாடம் பல பேருக்கு உதவியிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஆஃப், ஏசி ஆஃப், போன் ஆஃப். ஆஃப் என்றால் ஓய்ந்துவிட்டது. அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

போன மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு மீட்டர் அலறியது. உள்ளே நான்கு பேர். கார்மேகம் விசில் ஊதினார், பெயர் சொல்லிக் கத்தினார். மூன்று பேர் ஏறி வந்துவிட்டார்கள். நான்காவது ஆள் மணிமாறன், அருப்புக்கோட்டைப் பக்கம். ஏணிக்கு இரண்டடி முன்னால் சரிந்து விழுந்தார். முகமூடி மாட்டிய மீட்புக்காரர்கள் ஏழாவது நிமிடத்தில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதுவரை மீட்டரின் சத்தம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. மணிமாறன் பிழைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் விசாரணை. மஸ்கட்டிலிருந்து வந்த ஓர் அதிகாரி, பக்கத்தில் கம்பெனியின் பாதுகாப்பு அலுவலர் வெங்கட்ராமன். கோயம்புத்தூர்க்காரர், சோஹாரில் குடும்பத்தோடு இருப்பவர். கார்மேகத்தைத் தினமும் தமிழில் நலம் விசாரிக்கிறவர். அன்றைக்கு மட்டும் அவர் வாயில் தமிழ் வரவில்லை.

அந்த ஆள் விழுவதற்கு முன்னால் அலாரம் கோ ஆஃப் ஆனதா என்று அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். கார்மேகம் வாலைப் பிடித்தார். அலாரம் நின்றதா என்று கேட்கிறார்கள், நான் அதை அணைத்துவிட்டேனோ என்று சந்தேகப்படுகிறார்கள் என்று புரிந்துகொண்டார். அதனால் அழுத்தமாகவே சொன்னார்.

"நோ சார். நோ கோ ஆஃப். ஃபுல் டைம் நோ கோ ஆஃப்."

இங்கிலீஷில் விளக்கு கோ ஆஃப் ஆனால் அணைகிறது. அலாரம் கோ ஆஃப் ஆனால் அடிக்கிறது. அடிக்கவே இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். வெங்கட்ராமன் தலையசைத்தார். விசாரணை பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது.

அலாரம் அடிக்காமல் இந்த மனிதர் எதற்காக விசில் ஊதினார்? மூன்று பேர் எதற்காக ஏறி வந்தார்கள்? யாரும் கேட்கவில்லை. படிவத்தில் அலாரத்துக்குக் கட்டம் இருந்தது, விசிலுக்கு இல்லை. தொழிலாளர்கள் தங்கும் அந்த கேம்ப்பில் கை கழுவுவது எப்படி என்று ஐந்து மொழியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். ஓர் உயிரைக் கிட்டத்தட்டக் கொன்றவன் என்று ஒரு மனிதர் மேல் பழி எழுத மட்டும் ஒரு மொழி போதுமானதாக இருந்தது.

பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. மீட்டரைச் சோதிக்காமல் வேலைக்கு எடுத்துச் சென்றது கார்மேகத்தின் கவனக்குறைவு. விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பலாம். மறுநாள் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் வேறு எந்தத் தொட்டி வாசலிலும் அவரை நிறுத்தமாட்டார்கள்.

காகிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். அலாரம் கோ ஆஃப் ஆகவில்லை என்ற வரிக்கு வந்ததும் அவருக்குத் தெம்பு வந்தது. நான் சொன்னதைச் சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள், பிறகு எப்படித் தப்பு என்மேல் வந்தது? கேம்ப் பஸ் ஓட்டும் செய்கு முகம்மது அதே ரூம், தொண்டிக்காரர். அவரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, கோ ஆஃப்னா அடிக்கிறதுய்யா. எங்க மேனேஜர் ஒரு நாளு கார் அலாரம் கோ ஆஃப் ஆவுது போய்ப் பாருன்னாரு. நான் போய்ப் பாத்துட்டு, இல்ல சார், அடிச்சிக்கிட்டுல்ல இருக்குன்னேன். என்னைய ஒரு மாதிரி பாத்தாரு."

"அப்ப லைட்டு ஆஃப்னா எரியுதா பாய்?"

"லைட்டு அணைஞ்சிரும். பாலு கோ ஆஃப் ஆனா கெட்டுப்போயிரும். அலாரம் மட்டும் அடிக்கும்."

"கரண்டு ஆஃப்னா போயிருச்சு. அலாரம் ஆஃப்னா வந்துருச்சா? எவன் பாய் இதக் கட்டுனது?"

செய்கு முகம்மது சிரித்தார். கார்மேகம் சிரிக்கவில்லை. பதினோரு வருடம் பத்திரமாகச் சேர்த்து வைத்த இங்கிலீஷ், தேவைப்பட்ட ஒரே நாளில் எதிரி பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் அதைவிட இன்னொன்று அவரை எரித்தது. அந்த அறையில் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே வெங்கட்ராமன் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். வெங்கட்ராமன் முகம் மாறியது. ஆனாலும், பதிவு இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்பது நடைமுறை, தான் நடுவில் பேசினால் தன் மொழிக்காரருக்குச் சாதகம் செய்ததாக ஆகிவிடும் என்று விளக்கினார். நீங்களே தைரியமாகப் பதில் சொன்னதால் புரிந்திருக்கும் என்று நினைத்தேன் என்றும் சொன்னார்.

"மணி அடிச்சுச்சான்னு தமிழ்ல ஒத்த வார்த்த கேட்டுருக்கலாமே சார். டெய்லி சாப்பிட்டீங்களான்னு கேக்குறீங்கள்ல."

வெங்கட்ராமன் மேஜைமேல் இருந்த அறிக்கையைப் புரட்டினார்.

"என் பேச்சு வேணாம் சார். மீட்டர்ல பதிஞ்சிருக்கும்ல? அதத் தொறந்து பாருங்க. அதுக்கு இங்கிலீஷ் நல்லாத் தெரியும்."

அந்த மீட்டர் ஸ்டோரில் ஒரு பையில் கிடந்தது. எப்போது அலறியது, எவ்வளவு நேரம் அலறியது என்று அதுவே நினைவில் வைத்துக்கொள்ளும். பதின்மூன்று நாளில் ஒருவரும் அதைக் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கவில்லை. அடிக்கவில்லை என்று ஆளே சொல்லிவிட்டாரே. வெங்கட்ராமன் மாட்டியதும் திரையில் வந்தது. காலை ஆறு மணிக்குச் சோதித்தது சரி. 10.44க்கு அலாரம் ஆரம்பம். 10.53 வரை இடைவிடாமல்.

அன்று மாலையே புதிய அறிக்கை தயாரானது. கவனக்குறைவு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். விசாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ஊழியரின் மொழிக் குறைபாட்டால் விசாரணை தவறிழைக்க நேர்ந்தது, அவருக்கு இங்கிலீஷ் பயிற்சி தேவை. வெங்கட்ராமன் அதைத் தமிழில் படித்துக் காட்டினார். இந்த முறை தமிழ் தாராளமாக வந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, போட்டுவிடுங்கள் என்று பேனாவை நீட்டினார்.

கார்மேகம் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே தமிழில் எழுதினார்: மணி அடித்தது. நான் கேட்டேன். விசில் ஊதினேன். என்னைச் சரியாகக் கேட்கவில்லை.

"இதுல தமிழ்ல எழுதக்கூடாதுங்க."

"படிக்கிறதுக்கு நீங்க இருக்கீங்கள்ல சார்."

மணிமாறன் அன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். விசில் சத்தம் கேட்டுத்தான் ஏணிப் பக்கம் திரும்பினேன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளேயும் கேட்டது. வெங்கட்ராமன் மொழிக் குறைபாட்டு வரியைக் கோடு போட்டு அடித்தார். தமிழ் வரிகளுக்குக் கீழே அவற்றை இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தார். த அலாரம் வென்ட் ஆஃப்.

கார்மேகம் குனிந்து பார்த்தார்.

"வால் வேணாம் சார்."

வெங்கட்ராமன் அதையும் அடித்துவிட்டு, த அலாரம் வாஸ் ரிங்கிங் என்று நேராக எழுதினார். அதை எழுத்துக்கூட்டிப் பார்த்த பிறகுதான் கார்மேகம் கையெழுத்துப் போட்டார்.