மாவு பொங்காத ஊர்

மூடி திருகிய கண்ணாடிப் பாட்டிலை இன்றும் யாரையும் நான் திறக்க விடுவதில்லை. மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது, அவள் வீட்டு ஊறுகாய்ப் பாட்டிலைக்கூட நான்தான் பிடுங்கித் திறந்து கொடுக்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், கணவரின் தொழிற்சாலை வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து ஓசூருக்கு வந்திருந்தோம். மார்கழியில் இங்கே இட்லி மாவு பொங்காது. தெற்கிலிருந்து வந்தவர்கள் வீட்டிலெல்லாம் மாவுப் பாத்திரம் ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல், கம்பெனி ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டில் கொஞ்சம் புளிக்கும்.

மகளின் உயிரியல் டீச்சர், ராயக்கோட்டைக்காரர், இதையே பாடமாக்கினார். சூடும் குளிரும் நுண்ணுயிர்களை என்ன செய்யும் என்று வீட்டு மாவிலேயே பார்த்து வரச் சொன்னார். ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜில், ஒன்று அலமாரியில், ஒன்று சூடான இடத்தில். மூடி மட்டும் தளர்வாக இருக்க வேண்டும் என்றார். மகளோ ஸ்டெபிலைசர் மேல் வைத்ததை இறுக்கித் திருகினாள், குளிர் புகுந்துவிடுமாம். "இந்த ஊர்ல மாவு எங்கட்டி பொங்கப் போவுது?" என்று அவள் அப்பா கேலி செய்தார். யாரும் பயப்படவில்லை.

மறுநாள் காலை ஸ்வெட்டரை விலக்கிப் பாட்டிலைக் கையில் எடுத்தாள். வெடித்தது. மாவும் ரத்தமும் அவள் வலது கண்ணை மூடியிருந்தன. உள்ளே கண் இருக்கிறதா என்றே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உள்ளே கண்ணாடித் துணுக்குகளை எடுத்துக்கொண்டிருந்தார். வெளியே எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. டீச்சர் வந்தார்.

"வாங்க டீச்சர். எவ்வளவு சூட்டுக்குப் புள்ள கண்ணு போவும்னு எழுதிக்கிட்டுப் போங்க" என்றேன்.

"திட்டுங்கக்கா" என்று மட்டும் சொல்லிச் சுவரோரம் நின்றார். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. பதிலுக்குச் சண்டை போட்டிருந்தால் நேரமாவது போயிருக்கும்.

உள்ளே கூப்பிட்டார்கள். தையல் போட்ட புருவத்தின் கீழே பஞ்சால் துடைத்துவிட்டு, இடது கண்ணைக் கையால் மறைத்து, "மெதுவா முழிச்சுப் பாரும்மா" என்றார் டாக்டர். இமை துடித்தது. பிரிந்தது. மகள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"டீச்சர், உங்க முந்தானைல மாவு."

"வூடு தெறந்து கெடந்துச்சுங்கக்கா" என்றார் டீச்சர் என்னிடம். "உங்க வூட்டு சார் வந்து மிதிச்சிடப் போறாருன்னு கண்ணாடியக் கூட்டித் தள்ளிட்டு வந்தேன்."

எதுவும் என் காதில் ஏறவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுட்டி" என்றேன் மகளிடம். "எங்க இருக்கு மாவு?"