பட்டத்தின் நுனியில் மண்

தண்ணீர் இருக்கும் இடத்தில் ஒருவனுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்று எங்கள் வீட்டில் நம்பினோம். யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. திருத்தங்கலில் எங்கள் தெருக்காரர்களில் அச்சகத்துக்குப் போகாதவர்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தார். நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு கோடை முற்பகலில், அந்த அறை தீப்பிடித்தது. அதன் பிறகு எங்கள் வீட்டு அகராதியில் ஆபத்து என்ற சொல்லுக்குத் தீ என்ற ஒரே பொருள்தான் மிஞ்சியது. மற்றவை எல்லாம் தொந்தரவுகள். காய்ச்சல், கடன், மழையின்மை போல.

தம்பியும் வளர்ந்து அதே வேலைக்குத்தான் போனான். சில ஆண்டுகள் கழித்து, கடற்கரையில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றான். அம்மா என்ன வேலை என்று கேட்கவில்லை.

"அங்கன தீ உண்டுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"கடல்ல ஏதும்மா தீ?"

"சோறு பொங்குதேன்னு அடுப்பையும் பத்த வச்சுறாத. கடையில வாங்கித் தின்னுக்கோ."

தூத்துக்குடிக்கு அப்பால், உப்பளங்களைத் தாண்டி ஒரு கடற்கரையில் அந்த இடம் இருந்தது. வெளியூர்க்காரர்களும் வெளிநாட்டுக்காரர்களும் அங்கே வந்து, பெரிய பட்டம் ஒன்றை இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டு, காலில் பலகையுடன் காற்றின் இழுப்பில் நீர்மேல் போவார்கள். தம்பி முதலில் பட்டங்களின் விளிம்புக் குழாய்களுக்குக் காற்றடித்தான், துணியைக் கழுவிக் காயப்போட்டான், கயிறுகளைச் சிக்கெடுத்தான். பிறகு, அந்த இடத்தை நடத்திய பயிற்சியாளர் அவனுக்கே கற்றுக்கொடுத்தார். சிறிது காலத்தில் அவன் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டான். விடுமுறைக்கு வரும்போது முகம் கறுத்து, முடி செம்பட்டையாகி, பேச்சு மட்டும் தெளிந்து வந்திருந்தான். சாப்பிடும்போது வாசலைப் பார்த்தபடி உட்காரும் பழக்கம் அவனிடமிருந்து போய்விட்டிருந்ததை நான் கவனித்தேன். கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள் எங்கே உட்கார்ந்தாலும் வெளியேறும் வழியைப் பார்த்தே உட்காருவார்கள். பல ஆண்டுகள் அங்கே வேலை பார்த்த அம்மா இன்றும் அப்படித்தான்.

தெருவில் அம்மா அந்த வேலையைப் "பட்டம் விடுற வேலை" என்றே சொல்லிவந்தாள். எதிர்வீட்டுக்காரி விடுவாளா?

"ஏ மதினி, ஒம் மகன் இம்புட்டு வயசுக்கு மேல பட்டமா விட்டுக்கிட்டு இருக்கான்?"

"ஆமா. என் மகன் விட்டாச் சம்பளம் தாராக. ஒம் மகன் விட்டப்போ கரண்டுக் கம்பிதான் அந்துச்சு."

ஓர் ஆண்டு ஆடி மாதத்தில் அப்பா வேலை பார்த்த கம்பெனியின் ஃபோர்மேன் வீட்டுக்கு வந்தார். தீபாவளி ஆர்டர் குவிந்திருந்தது, மருந்து கலக்க ஆள் போதவில்லை. "சீசனுக்கு மட்டும் பயல அனுப்பு மதினி. அவுக அப்பன் கை அப்படியே அவனுக்கு இருக்கு" என்றார். அப்பா இறந்தபோது ஆஸ்பத்திரிக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் எங்களுக்காக அலைந்தவர் அவர். அவரிடம் முடியாது என்று சொல்ல அம்மாவுக்கு நா எழவில்லை. கடற்கரை வேலை நிலையானதுதானா, அல்லது அவன் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானா என்றும் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது. "நேர்ல ஒரு எட்டுப் பாத்துட்டு வந்து சொல்லுதேன் அண்ணாச்சி" என்றாள். அந்தப் பயணத்தின் முடிவில்தான் தம்பி மருந்து அறைக்குத் திரும்புவதா வேண்டாமா என்பது இருந்தது. அம்மா, ஃபோர்மேன், நான் மூவருக்கும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் சாத்தூர் போய், தூத்துக்குடி பஸ் பிடித்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினோம். கூரைக் கொட்டகை ஒன்று, அதற்குள் மடித்து அடுக்கிய பட்டங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. பயிற்சியாளர் மற்றவர்களுடன் வேறொரு கடற்கரைக்குப் போயிருந்தார். தம்பியிடம் கொட்டகையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

அம்மா கொட்டகையைச் சுற்றி வந்தாள். "தீ அணைக்க மண்வாளி எங்கலே?"

"மண்ணு மேலதாம்மா நிக்க."

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஃபோர்மேன் வந்த செய்தியைச் சொன்னதும் தம்பியின் சிரிப்பு நின்றது. அடுக்கிலிருந்து ஒரு பட்டத்தை உருவி எடுத்தான். பிறகு, "நான் தண்ணி மேல போறத ஒரு தடவ பாத்துரும்மா. பாத்துட்டு நீயே அவருகிட்டச் சொல்லு" என்றான்.

பட்டத்தை எழுப்ப வழக்கமாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பட்டத்தைக் காற்றுக்கு வாகாகப் பிடித்து நிற்க, மற்றவர் கயிற்றின் மறுமுனையில் நின்று மேலேற்றுவார். நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன். "வேண்டாம்க்கா, பழகாதவுக பிடிச்சா மூஞ்சியிலயே அடிக்கும்" என்றான். ஆள் இல்லாதபோது தனியாக எழுப்பவும் ஒரு முறை உண்டு என்று சொல்லி, அதை எங்களுக்கு விளக்கிக்கொண்டே செய்தான். பட்டத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் ஒரு நுனியை மடித்து, மடிப்பின்மேல் கொஞ்சம் மண் அள்ளி வைத்தான். கயிறு விறைக்க விறைக்கப் பட்டம் நிமிரும். நிமிரும்போது மண் தானாகச் சரிந்து விழும். பட்டம் காற்றின் ஓரமாக, சாதுவாக மேலே ஏறும். மண் என்பது அதுவரை பிடித்துவைத்திருக்கும் விரல், அவ்வளவுதான்.

எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கயிற்றின் மறுமுனைக்கு நடந்தான். முதுகு எங்கள் பக்கம் இருந்தது. காற்று அடர்ந்து அடித்தது. ஆடிக்காற்றென்றால் எங்கள் ஊரில் மருந்து பறக்கும் என்று கதவைச் சாத்துவோம். இங்கே அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பட்டத்தின் துணி படபடத்தது. நுனியிலிருந்த மண்ணில் ஒரு பிடி பறந்தது.

அம்மா அதைப் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போய்க் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் மண்ணை அள்ளி அந்த மடிப்பின்மேல் வைத்தாள். நடுவே இருந்த சிப்பிகளையும் கற்களையும் பொறுக்கித் தூர எறிந்தாள். பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் மண் இருக்கும். கல் உரசினால் பொறி வரும் என்பதால் அதைச் சலித்துத்தான் வைப்பார்கள். வாளியில் மண் குறைந்திருந்தால் அதைப் பார்த்தவர் நிரப்பிவிட வேண்டும், யார் வேலை என்று கேட்கக் கூடாது. அம்மா தன் வாழ்நாளில் பாதியை அந்த ஒழுங்கில் கழித்தவள். மண் கூடுதலாக இருப்பதால் தீங்கு வந்ததாக அவள் கேள்விப்பட்டதே இல்லை. ஈரமண்ணாகத் தேடி எடுத்து, மேலே உள்ளங்கையால் தட்டி இறுக்கிவிட்டு, திருப்தியோடு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனி பறக்காது" என்றாள்.

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

தம்பி இடுப்புப் பட்டையில் கயிற்றை மாட்டிக்கொண்டு திரும்பி, பின்னால் அடி வைத்தான். கயிறு விறைத்தது. பட்டத்தின் மேல்பாதி எழுந்தது, கீழ்நுனி எழவில்லை. இன்னும் ஓரடி வைத்தான். அசையவில்லை. நிற்கும் கோணம் தப்பு என்று அவன் நினைத்திருக்க வேண்டும். பக்கவாட்டில் சில அடிகள் நகர்ந்து, மறுபடி இழுத்தான். அவன் நகர நகரப் பட்டம் காற்றின் ஓரத்திலிருந்து, அதன் முழு வேகமும் விழும் நடுப்பகுதிக்கு வந்துகொண்டிருந்தது என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. மண்குவியல் முழுதாகப் பெயர்ந்தது. துணி விரிந்த சத்தம் ஒரு வெடியின் சத்தமாகவே கேட்டது. அம்மா என் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக் குனிந்தாள். நாங்கள் பழகிய பழக்கம் அது. நிமிர்ந்தபோது தம்பி நின்ற இடத்தில் இல்லை.

பட்டம் அவனை மணலோடு இழுத்துக்கொண்டு கரையோரமாகவே போயிற்று. அவன் கை நெஞ்சுக்குக் கீழே எதையோ தேடியது. பட்டத்தை விடுவிக்கும் சிவப்புப் பிடி ஒன்று அங்கே இருப்பதாக முன்பு சொல்லியிருக்கிறான். நான் ஓடினேன். எதை நோக்கி ஓடினேன், எட்டிப் பிடித்திருந்தால் எதைப் பிடித்திருப்பேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவனைப் பிடிப்பதா, கயிற்றையா, வானத்தில் நிற்கும் அந்தத் துணியையா? எல்லாம் என் கைக்கு எட்டாத இடத்தில், என்னைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தன. திரும்பிப் பார்த்தபோது அம்மாவும் ஓடிவந்துகொண்டிருந்தாள், முந்தானை நிறைய மண்ணை ஏந்திக்கொண்டு.

கரையில் ஏற்றிவைத்திருந்த வள்ளம் ஒன்றில் அவன் இடுப்பு மோதியது. அதற்குப் பிறகுதான் அந்தச் சிவப்புப் பிடி அவன் கைக்கு அகப்பட்டது. பட்டம் தளர்ந்து தண்ணீரில் விழுந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். தூத்துக்குடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பயிற்சியாளர் நனைந்த உடையோடு அங்கே வந்து சேர்ந்தார். வராந்தாவில் என் பக்கத்தில் வந்து நின்று, "கெட்டிக்காரப் பயலாச்சே அக்கா, தனியா எத்தனையோ தடவ ஏத்தியிருக்கானே. மண்ணக் கூடப் போட்டுட்டானோ? மண்ணு இறங்கலன்னா கைட்டு நடுக்காத்துல போயித்தான் பிச்சுக்கும்" என்றார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கைகள் மடியில் இருந்தன. அவற்றை அவள் பார்த்தாள். நான் அவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

அறுவைச் சிகிச்சை முடிந்து அவன் பேசத் தொடங்கிய அன்றே அம்மா கேட்டுவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"ஏலே, நான் போட்ட மண்ணாலயா?"

தம்பி என்னைப் பார்த்தான். தான் வைத்ததற்கு மேல் யாரோ மண் வைத்தார்கள் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். அவன் முகத்தில் அந்தச் செய்தி ஏறுவதையும், ஏறியதை அவன் இறக்கிவைப்பதையும் நான் பார்த்தேன்.

"காத்தும்மா. திடீர்னு திரும்பிருச்சு. காத்துக்கு நீ என்ன பண்ணுவ, நான் என்ன பண்ணுவேன்?"

"திரும்புச்சா?"

"திரும்புச்சு."

அம்மா போர்வையை அவன் நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. ஆனால் மறுபடி கேட்கவும் இல்லை. அவன் கொடுத்ததை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள் என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

ஊருக்கு வந்து பல மாதங்கள் சென்ற பிறகும் வலதுகால் தரையில் இழுபட்டது. கடற்கரைக்குத் திரும்ப முடியாது என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவன் சொல்லிவிட்டான். பயிற்சியாளர் இருமுறை வந்து பார்த்தார். இரண்டாம் முறை பழங்களை வைத்துவிட்டு உடனே போனார். எனக்குத் தெரிந்தவர் மூலம் ஓர் அச்சகத்தில் சேர்த்துவிட்டேன். மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நிற்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் தாக்குப்பிடித்து, வீங்கிய காலுடன் வந்து படுத்தான். நான் பள்ளியில் மாணவர்களுக்கு இலக்கணம் நடத்திவிட்டு மாலையில் வீட்டுக்கு வருவேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். அவனுக்குத் தருவதற்கு, படித்ததில் ஒரு வரிகூட என்னிடம் இருக்கவில்லை.

அடுத்த ஆடியில் ஃபோர்மேன் மறுபடி வந்தார். இம்முறை மருந்து அறைக்கு அழைக்கவில்லை. உட்கார்ந்தே செய்கிற வேலை, திரி வைப்பது, லேபிள் ஒட்டுவது என்றார். தம்பி உடனே சரி என்றான். வீட்டில் படுத்துக் கிடப்பது அவனுக்கு அவ்வளவு கசந்திருந்தது.

அம்மா காப்பித் தம்ளரோடு நின்றிருந்தாள். "கால் இழுக்கே அண்ணாச்சி. ஒண்ணுன்னா ஓடணுமே. இவன் எப்படி ஓடுவான்?"

ஃபோர்மேன் தலையைக் குனிந்துகொண்டார். "கதவுக்குப் பக்கத்துல ஒக்கார வைக்கேன் மதினி. என்னால ஆனது அதுதான்."

"அம்மா, காப்பிய அவருகிட்டக் கொடு. ஆறுது" என்றான் தம்பி.

காலையில் கம்பெனி வேன் தெருமுனைக்கு வருகிறது. முன்பு அம்மா துணைக்கு நடப்பாள். அவன் வேண்டாம் என்று சொன்ன பிறகு வாசல்வரை மட்டும் வருகிறாள். உள்ளே இருப்பவர்கள் கை நீட்ட, அவன் முதலில் இடதுகாலை வைத்து ஏறுகிறான். யாரோ கேலி பேசுகிறார்கள், அவனும் ஏதோ பதில் சொல்கிறான், வேனுக்குள் சிரிப்பு கேட்கிறது. நான் பள்ளிக்குக் கிளம்ப இன்னும் நேரம் இருக்கும். வேன் போன பிறகு, வீட்டில் மண் வைத்த அம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நானும் இருக்கிறோம்.