மாச்சோர்ரா என்று யாரைச் சொல்கிறாய்?

எர்மினியா தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டே சீட்டியடித்தால் பக்கத்து வீட்டு சோலேவுக்கு ஏன் பல் கூசுகிறது? வண்டி தெருமுனையில் திரும்பும்போதே தொடங்கிவிடுகிறாள்: “வந்துட்டா பாரு, மாச்சோர்ரா! ஒரே ஒரு அடிக்குப் புருஷனை விட்டுட்டு வந்தவ.” இனி இந்தத் தெருவுக்கு ஆம்பளை ஓட்டுகிற லாரிதான் வேண்டும் என்று மனு எழுதி வீடு வீடாக அலைகிறாள். என் கைநாட்டு அவளுக்குக் கிடைக்காது.

சரி, சீட்டியடிக்கிறாள். சட்டைக் கையால் மூக்கைத் துடைக்கிறாள். குழாயைத் தோளில் போட்டு மாடி ஏறும்போது பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொள்கிறாள். பச்சைமிளகாயைக் கடிக்காமல் அவளுக்கு ஒரு வாய் சோளரொட்டி இறங்காது. என் தொட்டி நிறைவதற்குள் என் கோழிகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டாள்; சண்டைக்காரக் கோழியின் பெயர் சோலே. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தச் சொல்லை நான் ஆடு மேய்த்த காலத்திலிருந்தே அறிவேன். ஈனாத ஆடு மாச்சோர்ரா. காய்க்காத அத்தி மாச்சோர்ரா. பிள்ளை பெறாதவள், ஏணி ஏறுகிறவள், யாருக்கும் குனியாதவள், எல்லாரும் அதற்குள் அடக்கம். ஆண்பிள்ளையை ‘மாச்சோ’ என்றால் மார்பை நிமிர்த்துகிறான். அதே சொல்லுக்கு ஒரு வாலை ஒட்டி எங்கள் மேல் எறிந்தால் அது எச்சில். பிள்ளையில்லாத ஆணை அப்படி ஒருவரும் அழைத்து நான் கேட்டதில்லை.

சோலே மனுவை நீட்டினாள். “அவ புருஷன் ஃபிடென்சியோ நல்லவன் பாட்டி. பிள்ளை இல்லாமலே பதினோரு வருஷம் வெச்சிருந்தானே!”

“வெச்சிருந்தானா? அவ என்னடி, அவன் வீட்டுப் பானையா? அவளுக்கு முன்னாடி அவன் கட்டினவளுக்கும் பிள்ளை இல்ல. இவனை விட்டு இன்னொருத்தனோட போனா, மூணு பெத்தா. அது உன் கண்ணுல படலையா?”

சோலே மனுவை மடித்துக்கொண்டாள். எர்மினியா புருஷன் வீட்டை விட்டு இறங்கிய அன்று அவளும் அங்கே இருந்தாள்.

அன்று சான் ஹுவான் திருநாள். காய்க்காத மரத்தைக் காலையில் கழியால் அடித்தால் வெட்கப்பட்டுக் காய்க்கும் என்று அடிப்போம்; நானும் அடித்திருக்கிறேன். எர்மினியாவின் மாமியார் குக்கா முற்றத்து அத்தியை மூன்று அடி அடித்தாள். “காய்ப்பியா, மாச்சோர்ரா? காய்ப்பியா?” நாங்கள் சிரித்தோம். அப்படியே திரும்பி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மருமகளின் கெண்டைக்காலில் ஓங்கி ஒன்று வைத்தாள். “இதையும் சேர்த்து அடிப்போம், யாரு கண்டா!” அதற்கும் சிரித்தார்கள். ஃபிடென்சியோவும் சிரித்தான், வாயில் ரொட்டியோடு.

எர்மினியா கையிலிருந்த ஈரத்துணியைக் கொடியில் போட்டு முடித்தாள். மாமியாரிடமிருந்து கழியைப் பிடுங்கினாள். திருப்பி அடிக்கப்போகிறாள் என்று நான் எழுந்தேவிட்டேன். அவள் நேராக நடந்து போய், கழியைப் புருஷன் மடியில் வைத்தாள்.

“அத்தை, இங்க இன்னும் ஒரு மரம் பாக்கி இருக்கு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு அவள் தெருவில் இறங்கினாள்.